பன்னிரண்டு புள்ளி எட்டு

அந்தப் பெட்டிக்கு வாசனையே இல்லை. லாரி டிரைவர் மணிமாறனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். லாரி பேட்டரி என்றால் சார்ஜ் ஏற ஏற ஆசிட் நுரைக்கும், மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறும், சொட்டு பட்டால் சட்டையில் பொத்தல் விழும்; உயிருள்ள பண்டம் மாதிரி தன் நிலைமையைத் தானே சொல்லிவிடும். இந்த லித்தியம் பெட்டியோ கட்டிலுக்குப் பக்கத்தில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குனிந்து முகர்ந்து பார்த்தான். ஒன்றுமில்லை.

கட்டிலில் அவன் அக்கா புருஷன் காளியண்ணன் சாய்ந்திருந்தார். காலமெல்லாம் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்து போர்வெல் போட்டவர். பாறைத்தூள் நெஞ்சில் இறங்கி நுரையீரலைக் கெட்டியாக்கிவிட்டது. இப்போது மூக்கில் குழாய். குழாயின் மறுமுனையில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின். புஸ்… டக். புஸ்… டக். கரண்ட் போனால் அந்த மெஷினுக்கு இந்தப் பெட்டிதான் கதி.

இன்றைக்கு மாதாந்திர மின்தடை. காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். நேற்று ராத்திரி கோடை மழையில் மரம் விழுந்து, விடிகிறவரை வேறு கரண்ட் இல்லை. விடிய விடிய பெட்டிதான் ஓட்டியது. கரண்ட் வந்ததும் மணிமாறன் செய்த முதல் காரியம், பேட்டரியிலிருந்து கம்பிகளைக் கழற்றிப் போட்டதுதான். பெட்டியை மாட்டிவிட்டுப் போன ஜாபர் சொன்னதில் அது ஒன்றுதான் அவன் மனதில் நின்றிருந்தது. "ஓடறப்பவோ ஏறறப்பவோ பாத்தா பொய் சொல்லுமுங்கண்ணா. கழட்டிப் போட்டு, ரெஸ்ட் குடுத்து, அப்பறமா மீட்டர் வெய்யுங்க."

மீதியை அவன் கேட்கவில்லை. "லாரி பேட்டரிக் கணக்கு இதுக்கு ஆகாதுங்க" என்று ஜாபர் ஆரம்பித்தபோதே, "ஏந்தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பேட்டரி தூக்குனவன் நானு" என்று தெருவே சிரிக்கும்படி அவன் வாயை அடைத்துவிட்டான்.

இப்போது வோல்ட் மீட்டரின் முனைகளை வைத்தான். பன்னிரண்டு புள்ளி எட்டு. லாரிக்கு அது நிறைந்த பேட்டரி.

ஈரோடு பெரியாஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் புறப்பட்ட அக்கா மாரியாயி, பையோடு வாசலில் நின்றாள்.

"ஏஞ்சாமி, எதுக்கும் ஆக்சிஜன் சிலிண்டரு ஒண்ணு வாடகைக்கு எடுத்தாந்து போட்டுறலாமா? பவானியில கெடைக்குதாமா."

"ஒரு நாளைக்கு எதுக்குக்கா தெண்டம்? புல்லா நிக்குது. நீ கெளம்பு."

"பாத்துத்தான சொல்ற?"

"ஏன், உந்தம்பிக்கு மீட்டரு பாக்கத் தெரியாதா?"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். அவன் கம்பிகளை மாட்டினான். கொஞ்ச நேரத்தில் கரண்ட் நின்றது.

குமாரபாளையத்துத் தறித் தெருவில் சத்தம் நிற்பது சாதாரணமில்லை. வீட்டுக்கு வீடு தறி. பேச்சு, சண்டை, அழுகை எல்லாமே அந்தத் தடதடப்புக்கு அடியில்தான் நடக்கும். அது ஒரே நொடியில் அறுந்து விழுந்ததும், அதுவரை மறைந்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது: ஓட்டில் தங்கிய மழைநீர் சொட்டுவது, சுவரில் பல்லி நகர்வது, நூல் கஞ்சியின் புளித்த வாடை, கட்டில் கயிறு முனகுவது. எல்லாவற்றுக்கும் நடுவில் மெஷின். புஸ்… டக். மச்சானின் மார்பு ஏறி இறங்குவதும் அதுவும் ஒரே தாளத்தில் இருப்பதை மணிமாறன் அன்றுதான் கவனித்தான்.

"என்ன மாப்ள," என்றார் காளியண்ணன், மூச்சுக்கு மூச்சு வார்த்தையை வெட்டி. "டயரு… வெடிச்சாப்ல… மூஞ்சிய வெச்சிருக்கற?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான்."

"டிரைவருய்யா நீ. பாதி வழியில… என்னைய… எறக்கி உட்றாத." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, அடங்கியது.

பெட்டிக்கும் மெஷினுக்கும் நடுவில் இருந்த இன்வர்ட்டர் ஒருமுறை கீச்சென்றது.

மணிமாறன் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு புள்ளி மூன்று. சாயங்காலம் வரவேண்டிய எண் காலையிலேயே வந்து நிற்கிறது. செல்போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். குரலை அடக்கி ஜாபரைக் கூப்பிட்டான்.

"காலையில கழட்டிப் போட்டுப் பாத்தேன் தம்பி. பன்னெண்டு புள்ளி எட்டு இருந்துச்சு."



"அண்ணா, அது அடிமட்டமுங்க. புல்லா இருந்தா பதிமூணரை கிட்ட நிக்கோணும். பாதி தீந்தாலும் பதிமூணுக்கு மேலயே அசையாம நிக்கும். பன்னெண்டு புள்ளி எட்டுன்னா, கொடம் காலி, அடியில ரெண்டு டம்ளர் தண்ணின்னு அர்த்தமுங்க. இனி பொத்துனு உழுந்துரும். கழட்டிப் போட்ட நேரத்துக்குச் சார்ஜாவது ஏத்தியிருக்கலாம். மாத்துக்குச் சிலிண்டரு இருக்குதல்லங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி எடுத்துக்கொண்டு ஜாபரே வந்துவிடுவான். வந்தால் தெருவெல்லாம் கூடும். என்னாச்சு என்று கேட்பார்கள்.

"இருக்குது, இருக்குது. சும்மா தெரிஞ்சுக்கலாமுன்னுதான் கேட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ். பயந்தே போய்ட்டனுங்கண்ணா."

காது சுட்டது. உள்ளே வந்து வாசல்வரை போனான். எதிர்வீட்டு நிழலில், தறி நின்ற ஓய்வில், ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், இளவழகன், தலையைத் தூக்கினான்.

"என்னங்க டிரைவரே, லித்தியம் பேட்டரி வேல செய்யுதுங்களா?"

"ஜோரா ஓடுது."

மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

மெஷின் நின்றது.

தேய்ந்து நிற்கவில்லை. பொத்தென்று. பிறகு அதன் அலாரம் கத்த ஆரம்பித்தது. மெல்லிய, விடாத, தெருவுக்கே கேட்கக்கூடிய கத்தல். அவன் கை தானாகப் போய் அலாரத்தை நிறுத்தும் பொத்தானை அமுக்கியது. கத்தல் அடங்கியது.

எதற்காக அமுக்கினோம் என்று அவனுக்குத் தெரியும்.

"மாப்ள… நின்னு… போச்சா?"

"ரெஸ்ட் எடுக்குதுங்க மச்சான். கழட்டிப் போட்டா கொஞ்சம் ஏறும். ஏறுனதும் மாட்டிர்றேன்."

கம்பிகளைக் கழற்றினான். முதுகைக் கட்டிலுக்குக் காட்டிக் குத்தவைத்து, மீட்டர் முனைகளை அழுத்திப் பிடித்தான். பத்து புள்ளி நான்கு. சுமை இறங்கினால் எந்த பேட்டரியும் கொஞ்சம் நிமிரும், அது டிரைவர்களுக்குத் தெரிந்ததுதான். பதினொன்று. பதினொன்று புள்ளி ஆறு. பன்னிரண்டு.

"ஏறுதுங்க மச்சான்!"

பின்னால், இழுத்து இழுத்து ஒரு மூச்சு. கல்லைக் கல்லில் தேய்க்கிற சத்தம்.

பன்னிரண்டு புள்ளி ஐந்து. பன்னிரண்டு புள்ளி எட்டு. இங்கே நிற்க வேண்டும். இதற்குமேல் ஏற வழியில்லை. கம்பி இல்லை. கரண்ட் இல்லை.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

பின்னால் ஒரு இழுப்பு. பதிமூன்று.

இன்னொரு இழுப்பு. பதிமூன்று புள்ளி ஒன்று.

இழுப்பு இல்லாதபோது எண் அசையவில்லை. இழுப்பு வந்தால் ஏறியது. கையை எடுத்துவிடலாம். திரும்பிப் பார்க்கலாம். கதவைத் திறந்து ஒரு சத்தம் போட்டால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். கதவு நாலு எட்டில் இருந்தது. திறந்தால் கேட்பார்கள். காலையில் என்ன சொன்னாய் என்று அக்காவும் கேட்பாள்.

அவன் திரும்பவில்லை.

"மாப்…"

பதிமூன்று புள்ளி இரண்டு.

"மா…"

பதிமூன்று புள்ளி மூன்று.

வெளியே யாரோ சீட்டைத் தரையில் ஓங்கிப் போட்டார்கள். சிரிப்பு. உள்ளே கயிறு முனகியது. ஒரு தடவை. அவ்வளவுதான்.

பதிமூன்று புள்ளி நான்கு. அசையவில்லை. நிறைந்துவிட்டது.

அப்போதுதான் வாசனை வந்தது. பெட்டியிலிருந்து. ஆசிட் இல்லை. தண்ணீர் பட்ட பாறைத்தூள். போர் போட்ட நிலத்தில் எழும் ஈரமண் வாடை. அதற்குப் பின்னாலேயே சத்தம். பெட்டிக்கு உள்ளே. இழுத்து இழுத்து.

வெயில் ஜன்னலைத் தாண்டி சுவரில் ஏறி மங்குகிறவரை மணிமாறன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கால் மரத்துவிட்டது. கட்டிலின் பக்கம் அவன் கண்ணைத் திருப்பவே இல்லை.

கரண்ட் வருவதற்கு முன்பே மாரியாயி வந்துவிட்டாள். கதவைத் தள்ளி, செருப்பைக் கழற்றி, பையை இறக்கி வைத்தாள். கட்டிலைப் பார்த்தாள். நீலம் பாரித்த உதட்டையும், திறந்திருந்த கண்ணையும் பார்த்தாள். அவள் அலறப்போகிறாள் என்று மணிமாறன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

அவள் அலறவில்லை. எங்கோ கூப்பிடுவது கேட்டதுபோலத் தலையைச் சாய்த்தாள். மெல்ல வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஏனுங்க. நானுங்க. வந்துட்டனுங்க."

பெட்டி இருமியது.

மாரியாயி நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"எவ்வளவு நேரமாடா இப்படிக் கூப்புட்டுட்டு இருக்கறாரு? நீ இங்கயேதான உக்காந்திருந்த?"

கம்பிகள் தரையில் தனியாகக் கிடந்தன. அவள் விரல்களுக்கு அடியில் பெட்டியின் மூடி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்திலும், அடியில் எங்கிருந்தோ, மாப்ள, மாப்ள என்று.