மூன்று பிடி மண்

காற்று ஒரே பக்கமிருந்துதான் அடித்தது. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டு மூன்று வாரமாகிறது. ஊரில் விழுந்த மரமெல்லாம் ஒரே திசையில்தான் கிடக்கின்றன. ஆனால் இந்தக் கேப்பர் மலை முந்திரித் தோப்பில் மட்டும், வண்டிப்பாதைக்கு இடப்பக்கத்து மரங்கள் இடப்பக்கமாகவும் வலப்பக்கத்து மரங்கள் வலப்பக்கமாகவும் பிடுங்கி எறியப்பட்டிருந்தன. நடுவில் பாதை, பெருக்கி விட்டாற்போல, ஒரு சருகுகூட இல்லாமல் கிடந்தது. மணவாளனுக்கு அது பிடிக்கவே இல்லை.

"நல்லதாப் போச்சு மாமா, ஏறி எறங்காம நடக்கலாம்" என்றான் அன்புமணி.

அன்புமணி, மணவாளனின் மனைவி மலர்க்கொடியின் தம்பி. நாளைக்கு அவளுக்கு வளைகாப்பு. சமையலுக்கு விறகு வெட்டத் தம்பி அருவாளோடு கிளம்பினான். "எங்க வூட்டுக்கு அவன் ஒருத்தன்தான். கூடப் போயி பத்திரமா கூட்டியாங்க" என்று கணவன் தோளில் கோடாலியைச் சாத்தி விரட்டிவிட்டாள் மலர்க்கொடி. மத்தியான வெயில் சுள்ளென்று இருந்தது.

வலப்பக்கம் ஒரு மரம் வேரோடு பெயர்ந்த குழியில், செம்மண்ணுக்குள் எலும்புக்கூடு ஒன்று மல்லாந்து கிடந்தது. விலாவுக்குள் வேர் புகுந்து வெளியே வந்திருந்தது. பக்கத்தில் பச்சை பிடித்த பித்தளைப் பொத்தான்கள்.

"இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் இங்கதான அடிச்சுக்கிட்டானுங்க" என்றான் மணவாளன். "ரெண்டு பக்கமும் செத்ததென்னவோ நம்மாளுங்கதான்."

"ஐயோ பாவம். யாரும் மண்ணு போட்டிருக்க மாட்டாங்க." அன்புமணி குனிந்து மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான்.

"அது பங்காளிங்க செய்யறது மச்சான். நீ என்னா, அவன் சொத்துல பங்கு கேக்கப் போறியா?"

அன்புமணி சிரித்தான். மணவாளனும் சிரித்தபடி திரும்பியவன், இடப்பக்கக் குழியிலும் ஒருவன் கிடப்பதைக் கண்டான். மண்டை பாதியாகப் பிளந்திருந்தது. அவனுக்குப் போட்டாயே, எனக்கில்லையா என்று கேட்பதுபோல முகம் பாதைப் பக்கம் திரும்பியிருந்தது. மனசு கேட்கவில்லை. மணவாளனும் மூன்று பிடி போட்டான்.

அப்புறம்தான் அந்த வாசனை வந்தது. தீபாவளி விடியலில் தெருவடைத்து நிற்குமே, அதே மருந்து வாசனை. அதற்கடியில், கறிக்கடை வாசலில் வெயிலேறினால் வீசும் கவிச்சி. தோப்பில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. பாதையின் இரண்டு பக்கமும், ஒவ்வொரு குழியாக, உள்ளே மண் சரியும் சத்தம் மட்டும் மேட்டைப் பார்க்க ஏறிக்கொண்டே போனது. யாரோ புரண்டு படுக்கிறார்கள். யாரோ எழுந்து உட்காருகிறார்கள்.

"வா மச்சான், போயிரலாம்."

அன்புமணி அசையவில்லை. பாதையின் வலது ஓரத்தில் விறைத்து நின்றான்.

"மாமா... கை எம் பேச்சக் கேக்க மாட்டேங்குது. ஓடு மாமா!"

அருவாள் மணவாளனின் தோளில் இறங்கியது. எலும்பில் மாட்டி, திருகிக்கொண்டு வெளியே வந்தது. வெட்டிய அன்புமணிதான் அலறினான். மணவாளன் ஓடத்தான் நினைத்தான். சத்தியமாக ஓடத்தான் நினைத்தான். கால் இடது ஓரத்துக்கு நகர்ந்து ஊன்றியது. கை கோடாலியை ஓங்கியது. இடப்பக்கக் குழிகளிலிருந்து, மண்ணடைத்த தொண்டைகள் ஒன்றாக உறுமின. நம்ம பங்காளி.

"வேணாம் மச்சான்! கிட்ட வராத! தள்ளிப் போடா!"

"எங்க மாமா போவேன்? காலு வருதே!"

இருவரும் அழுதார்கள். அழுதுகொண்டே வெட்டினார்கள். அன்புமணியின் விரல்கள் இரண்டு பாதையில் தெறித்தன. மணவாளனின் காது தொங்கியது. கோடாலி அன்புமணியின் கழுத்துக்குப் போனது. முதல் வெட்டில் விழவில்லை. "அக்கா" என்றான். இரண்டாவது. மூன்றாவது.

முடிந்தது.

மணவாளன் கோடாலியைக் கீழே போடப் பார்த்தான். விரல் பிரியவில்லை. வலப்பக்கக் குழிகள் அடங்கிவிட்டன. இடப்பக்கம் அடங்கவில்லை. கால் தானாகத் திரும்பியது. இறக்கத்தைப் பார்த்து. வீட்டைப் பார்த்து.

ஏன் வீட்டுக்கு?

புரிந்தது. அன்புமணியின் ரத்தம் இன்னொன்று இருக்கிறது. கூடப் பிறந்த ரத்தம்.

"அவ வயித்துல எம் புள்ளடா!" என்று குழிகளைப் பார்த்துக் கத்தினான். கால் நிற்கவில்லை. இடப்பக்கக் குழிகளிலிருந்து ஏறி, மண் உதிர உதிர அவர்கள் பின்னால் வந்தார்கள். வரிசையாக. அவன் நடைக்கு நடை வைத்து.

அடிவாரத்தில், அலறல் கேட்டு ஓடி வந்திருந்த மலர்க்கொடி நின்றாள். ஒரு கை வயிற்றில். மறு கையை வெயிலுக்கு நெற்றியில் வைத்திருந்தாள். அவனைக் கண்டதும் ஓட்டமும் நடையுமாக மேலே ஏறி வந்தாள்.

"என்னாங்க இது ரத்தம்? தம்பி எங்க?"

ஓடு என்று கத்த மணவாளன் வாயைத் திறந்தான். இப்போது நாக்கும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்தது. அவள் பதறி அவன் நெஞ்சைப் பிடித்தாள். அவள் தலைக்கு மேலே அவன் கை கோடாலியை ஓங்கியிருந்தது.