ஈசானிய மூலையில் ஒருவர்

மூன்றாவது வெட்டிலேயே மண்டையோடு வந்தது.

கொத்தனார் அலறவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியவர், போடி பஸ் ஸ்டாண்டில்தான் நின்றார்.

வருஷம் 1956. ஏலக்காய் விலை ஏறிய வேகத்தில் போடிநாயக்கனூர் மேற்கே வீங்கிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகும் மெட்டு ரோட்டோரம் வீரணன் விட்டுப்போன சோளக்காட்டை, அவன் மனைவி சுப்புத்தாய் வீட்டு மனைகளாகப் பிரித்துக் கல் நட்டிருந்தாள். அவளுக்கும் மகள் செல்லக்கிளிக்கும் அந்தக் காட்டை விட்டால் வேறு கதியில்லை. முதல் மனைக்கு அன்றுதான் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

அரை மணி நேரத்தில், மனை வாங்க இருந்த எட்டுப் பேரும் பின்வாங்கினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் காசிராஜன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். முழு எலும்புக்கூடு. பின்மண்டையில் ஆழமான வெட்டு.

"கொலைதான், ஏட்டையா."

ஏட்டு ஒச்சப்பன் தலையாட்டினார்.

மனைத் தரகர் சோலைமலை சுப்புத்தாயிடம் நெருங்கினார்.

"ஆத்தா, பொணம் கெடந்த மண்ணை இனி எவன் வாங்குவான்? ஒன்னையப் பாத்தாப் பாவமா இருக்கு. பாதி வெலைக்கு மொத்தத்தையும் நானே எடுத்துக்கிறேன்."

சுப்புத்தாய் குழியையே பார்த்தபடி நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன் வீரணன் காய்ச்சலில் போனபோதும் இப்படித்தான் நின்றாளாம்.

காசிராஜன் திரும்பினார்.

"சோலைமலை, வீடு கட்ட மொத மம்பட்டி எங்க போடுவாக?"

"ஈசானிய மூலையிலதாங்கய்யா."

"ஊருக்கே தெரியும். மறைக்கிறவன் அங்கயா பொதைப்பான்? இது கெடைக்கணும்னே பொதைச்சது."

சோலைமலை சிரித்துப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

"இன்னொண்ணு. தெக்க தலைவச்சு, காலை நீட்டி, மொறையாப் படுக்கவச்சிருக்கு. அவசரத்துல பொதைக்கிற கொலைகாரன் தெசை பாப்பானா? மயானத்துல எடுத்ததை, பழக்கதோஷத்துல அதே மாதிரி படுக்கவச்சுட்ட."

"நானா?..."

"பாதி வெலைக்குக் கேட்டது நீதானே. மண்டையில வெட்டு வேற இருக்கு. தூக்குதான். ஏட்டையா, வெலங்கைக் கொண்டாங்க."

சோலைமலை காசிராஜனின் காலில் விழுந்தார்.

"அய்யா, எலும்பைத் தோண்டி எடுத்தது நாந்தான். வெட்டு நான் போட்டதில்ல! மயானத்துல பூவரச மரத்தடியில ஏதோ ஒரு குழி... யாரு எவருன்னு தெரியாது."

ஒச்சப்பனின் கையில் விலங்கு அப்படியே நின்றது.

"அய்யா... பூவரசுக்குக் கீழ ஒரே குழிதான். வீரணன் குழி. பாடைக்கு நானும் தோள் குடுத்தேன். பொணத்துத் தலையில முண்டாசு இறுக்கிக் கட்டியிருந்துச்சு. காய்ச்சல் குளிருக்குன்னு சொன்னாக."

எல்லோரும் சுப்புத்தாயைப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"காட்டை வித்துட்டு, எஸ்டேட்டுல இன்னொருத்திகூடக் குடியிருக்கப் போறேன்னு நின்னாரு. எம் புள்ள தெருவுல நிக்கணுமா? அருவா கைக்கு எட்டுச்சு."

காசிராஜனுக்கு மனசு கனத்தது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏட்டையா, அந்தப் புள்ளைக்கு மாமன் மச்சான் யாரும் இருந்தா ஆள் அனுப்புங்க."

சோலைமலை மெல்ல எழுந்தார்.

"அப்ப நான் போகலாமுங்களா?"

"மயானக் குழியைத் தோண்டினதுக்குக் கேஸு உண்டு. அடுத்தவன் நெலத்துல அத்துமீறிப் பொதைச்சதா மட்டும் எழுத முடியாது."

"ஏனுங்கய்யா?"

"நெலத்துக்காரரைத்தானே கொண்டாந்து படுக்கவச்சிருக்க."