கடைசி வண்டியில் ஆறு பேர்

பட்டியலில் றொஷானியின் பெயர் இல்லை. வான் வண்டியை ஓட்டுகிற வழிகாட்டி குகதாசனையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். முன்கண்ணாடிக்குக் கீழே செருகியிருந்த தாளில் ஆறு பெயர்களும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் பின்இருக்கை, சன்னலோரம் என்று அவளுக்குக் குறித்த இடத்துக்கு நேரே எலியாஸ் என்று எழுதியிருந்தது.

எலியாஸ் அவளுடைய அக்கா அருள்ராணியின் ஒரே மகன். போன வருடம் இதே நவம்பர் கடைசியில், இன்றைக்கு இவர்கள் கடக்கப்போகிற இதே மலையில் காணாமல் போனவன்.

"அக்கா, இதைப் பாத்தனீங்களே?"

அக்கா எட்டிப் பார்த்தாள். "பேர் குடுக்கேக்கை கைப்பழக்கத்திலை எழுதிப் போட்டன் போலை. விடு பிள்ளை."

றொஷானி விட்டுவிட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பெயர் மாற்றி எழுதினாள் என்று வழக்குப் பேசவா முடியும்? அதுவும் அம்மா கண்ணை மூடிய பிறகு, பதினொரு வயதுத் தங்கச்சியை மன்னாரிலிருந்து கூட்டிவந்து, ஒஸ்லோவில் வெஸ்ட்லி அடுக்குமாடியின் எட்டாம் மாடியில் வைத்து, தலைவாரிப் படிக்கவைத்த அக்காவோடு. றொஷானிக்கு இப்போது முப்பத்தொன்பது. இன்றைக்கும் அக்கா கண்ணால் காட்டினால் எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். அவளுக்கு அது அடிமைத்தனமாகத் தெரிந்ததில்லை, வீடாகத்தான் தெரிந்தது.

வடக்கின் மலை, கடல், வானத்து ஒளி எல்லாம் மூன்று நாளில் காட்டுகிறேன் என்று தமிழருக்காகக் குகதாசன் நடத்தும் சின்னக் குழுப் பயணம் இது. மரித்த ஆன்மாக்களின் மாதமான நவம்பரில் அந்த மலையில் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவோம் என்று அக்காதான் ஏற்பாடு செய்தாள். நடு இருக்கையில் பேர்கனிலிருந்து வந்த ஆன்ட்ரியாஸும் அவர் மனைவி யூலியாவும். மனிதர் காணும் கம்பத்தையெல்லாம் படம் எடுத்தார். மனைவி அந்தப் படங்களையெல்லாம் அழிக்கச் சொன்னார். முன்னால் குகதாசனுக்குப் பக்கத்தில் சாய், கோயம்புத்தூர்ப் பையன், ஒஸ்லோவில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று காற்சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, "என்னங்க இது, மணி ஒண்ணுதான் ஆகுது, அதுக்குள்ள இருட்டிடுச்சு" என்று ஐந்தாம் தடவையாக ஆச்சரியப்பட்டான். சூரியன் இரண்டு மாத லீவில் போய் ஒரு வாரமாகிவிட்டது என்று குகதாசனும் ஐந்தாம் தடவையாகப் பொறுமையோடு சொன்னார்.

மலையடிவாரத்தில் தடுப்புப் போட்டிருந்தது. காற்று மிஞ்சிவிட்டால் பாதையை மூடிவிட்டு, பனி தள்ளும் வண்டி முன்னால் போக, காத்து நிற்கிற வண்டிகளை அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து வரச் சொல்வார்கள். இந்த வரிசையைக் கொலொன என்பார்கள். இவர்களுக்குக் கடைசி இடம் கிடைத்தது. மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் கண்ணாடியைத் தட்டி, எரிபொருள் இருக்கிறதா, குளிருடுப்பு இருக்கிறதா என்று விசாரித்தான். என்ன நடந்தாலும் ஒருவரும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னான். குகதாசன் பட்டியலின் பிரதி ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"இந்தப் பக்கம் ஆறு பேர் எண்டு குடுத்தால் அந்தப் பக்கமும் ஆறு பேர் போய்ச் சேரோணும்" என்றார் திரும்பி, சிரித்துக்கொண்டே. "நான் இருவது வருஷம் பாட்ஸ்பியோர்ட் மீன் பக்றறியிலை வேலை செய்தனான். அங்கை கதைப்பினம், இந்த மலைக்குக் கணக்குத்தான் தெரியும், முகம் தெரியாதெண்டு."

"பேர் தெரியுமோ?" என்று அக்கா கேட்டாள். அவள் சிரிக்கவில்லை.

"எழுதிக் குடுத்தால் தெரியும்."

ஆன்ட்ரியாஸ் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். றொஷானிக்கு மட்டும் அந்தத் தாளில் தன் பெயர் இன்னும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சொல்லித் திருத்துவதற்குள் மஞ்சள் சட்டைக்காரன் பனிக்குள் போய்விட்டான்.

வான் ஏறத் தொடங்கியது. முன்னால் போகிற காரின் இரண்டு சிவப்பு விளக்குகளைத் தவிர உலகத்தில் ஒன்றும் மிச்சமில்லை. பக்கவாட்டில் மண்ணை அள்ளி எறிகிற மாதிரிப் பனி வந்து தகரத்தில் அறைந்தது, காற்று கதவு இடுக்கில் வாய் வைத்து ஊதியது, சூடாக்கியிலிருந்து ஈரக் கம்பளியும் பழைய டீசலும் கலந்த வாடை அடித்தது. இப்படித்தானே எலியாஸும் போயிருப்பான் என்று நினைத்தாள். றொஷானி அப்போது மலைக்கு அந்தப் பக்கம் பாட்ஸ்பியோர்ட்டில் தாதியாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். வேலை முடிந்து சாமான்களோடு தனியாக வரவேண்டாம், நான் வந்து கூட்டிப்போகிறேன் சித்தி என்று அவன் சொன்னபோது, சரி வா என்றாள். இரண்டே சொல். கொலொனயில் கடைசியாக வந்த அவன் காரை மலையுச்சியில் கண்டெடுத்தார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே ஆளில்லை.

அக்கா அதற்காக அவளை ஒரு சொல் சொல்லவில்லை. "உன்ரை பிழை இல்லையடி" என்று கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் றொஷானி ஒரு வருடம் உயிரோடு இருந்தாள்.

"செபமாலை சொல்லுவம்" என்றாள் அக்கா.

பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் காற்றின் இரைச்சலோடு சேர்ந்து ஓடின. முடிவில் அக்கா கைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து மரித்தவர்களின் பெயர்களை வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னார்கள்.

"யோசேப்பு."

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."

"மரியம்மா."

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."

"றொஷானி."

"நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் ஆண்டவரே."

பதில் சொன்னவர்களில் அவளும் ஒருத்தி. பழகிய வாய் தன்பாட்டில் சொல்லி முடித்துவிட்டது. அதற்குப் பிறகுதான் காது விழித்தது.

"அக்கா, என்ரை பேரை வாசிச்சனீங்கள்."

"இல்லையே. உனக்கு என்ன விசரே? எலியாஸ் எண்டுதான் வாசிச்சனான்."

அக்கா தாளை மடித்தாள். நான்காய். எட்டாய். பிறகு கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டாள். யூலியா திரும்பிப் பார்த்துவிட்டு, தன்னுடைய செபமாலையைத் தேடத் தொடங்கினார். கேட்டிருப்பாரா? கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாரே. தூக்கமில்லாத காதுக்கு எதுவும் கேட்கும் என்று றொஷானி தன்னைத் தானே சமாதானப்படுத்தினாள். சமாதானம் வரவில்லை.

உச்சியில் வான் நின்றது. முன்னால் போன சிவப்பு விளக்குகளும் நின்றன. முன்னே எங்கேயோ பனி தள்ளும் வண்டி சறுக்கலில் மாட்டியிருக்கலாம். குகதாசன் பின்கண்ணாடியில் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"பின் லைற்றைப் பனி மூடியிருக்கும். ஆராவது ஒருக்கால் துடைச்சு விட்டால் நல்லது."

"இறங்கக்கூடாதுன்னு சொன்னாங்களே?" என்றான் சாய்.

"ஒரு நிமிசம்தானே, தம்பி."

"நீ போ பிள்ளை" என்றாள் அக்கா. "கதவு உன்ரை பக்கம்தானே."

றொஷானி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போக விருப்பமில்லை. ஆனால் அக்கா ஒன்றைச் சொல்லி அவள் மறுத்த சரித்திரம் இல்லை. மறுப்பதற்கு என்ன சொல் சொல்வது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கையுறையைப் போட்டாள். இரவில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற மஞ்சள் அங்கியை அக்கா அவள் தோளிலிருந்து மெதுவாகக் கழற்றினாள்.

"இது வேண்டாம், காத்திலை அள்ளுப்படும். போனையும் தா, நனைஞ்சிடும்."

கொடுத்தாள். அக்கா அவள் நெற்றியில் சிலுவை வரைந்து கொஞ்சினாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் அனுப்பும்போது கொஞ்சுவது போல. அந்த அன்பில் அவளுக்குக் கண் கலங்கியது.

வெளியே குளிர் தொண்டைக்குள் கத்தியை விட்டது. தகரத்தைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். விளக்குகளைப் பனி உண்மையாகவே மூடியிருந்தது. விரலால் சுரண்டி, கையுறையால் தேய்த்து, மூச்சை ஊதி, இரண்டையும் பளிச்சென்று துடைத்தாள். செய்கிற வேலையை ஒழுங்காகச் செய்கிறவள்.

திரும்பி வந்து கதவை இழுத்தாள். திறக்கவில்லை.

தட்டினாள். "அக்கா! கதவு இறுகிப் போச்சு!"

கண்ணாடியில் படிந்திருந்த பனியைக் கையால் வழித்தாள். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. அவளுடைய இருக்கை வெறுமையாக இல்லை.

மஞ்சள் அங்கி போட்ட ஒருவன் இருந்தான். தலைமுடியெல்லாம் உறைபனி. கன்னம் சாம்பல் நிறம். சாய் திரும்பி, எத்தனையோ மணி நேரமாய்ப் பழகியவனுக்கு நீட்டுவது போல, சிப்ஸ் பக்கெற்றை அவனுக்கு நீட்டினான். ஆன்ட்ரியாஸ் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவன் ஒரு சிப்ஸை எடுத்தான். வாய்க்குள் வைத்தான். மெல்லவில்லை. அக்கா அவனுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

அக்கா கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினாள். முகம் அமைதியாக இருந்தது. ஒரு வருடமாக இல்லாத அமைதி.

"அவன் உன்னைக் கூட்டிப்போகத்தானே வந்தவன், றொஷானி."

பிள்ளை என்று சொல்லவில்லை. கண்ணாடி ஏறியது.

அந்த நேரத்தில் குளிரைவிட அதுதான் அவளைக் கொன்றது. கட்டிப்பிடித்து அழுத அந்த அழுகை பொய். உன்ரை பிழை இல்லை என்றது பொய். ஒரு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, அக்கா அவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். கேட்டிருந்தால் தானாகவே வந்திருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை. ஏமாற்றிக் கூட்டிவந்தாள்.

வான் நகர்ந்தது.

ஓடினாள். அவள் துடைத்த விளக்குகள் இரண்டும் நன்றாகத் தெரிந்தன. சிவப்பு. சின்னச் சிவப்பு. பிறகு இல்லை.

இருட்டு. காற்று. அவளுடைய மூச்சு.

பிறகு காற்று நின்றது. ஒரேயடியாக. அந்த அமைதியில் அவளுடையதல்லாத மூச்சுகள் கேட்டன. பல மூச்சுகள். ஒரே நேரத்தில் இழுத்து, ஒரே நேரத்தில் விட்டன.

பனியே கொஞ்சம் வெளிச்சம் காட்டியது. பாதையோரத்தில் ஆட்கள் நின்றார்கள். ஒருவர் பின் ஒருவராக, நீளமாய், இருட்டுக்குள் போய் மறையுமட்டும். மீன் பக்றறியின் பழைய நீர்புகா மேற்சட்டையில் ஒருவர். பனிச்சறுக்குக் காலணியோடு ஒருத்தி. குழந்தையை முதுகில் கட்டிய ஒருத்தி. எல்லாரும் முன்னால் பார்த்தபடி. எல்லாருடைய வலக்கையும் முன்னால் நிற்கிறவரின் தோளில். ஒருவரும் திரும்பவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு கை ஒன்றையும் பிடிக்காமல் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஓர் ஆள் அளவுக்கு இடம், இப்போதுதான் ஒருவன் விலகிப் போனதுபோல.

ஓடு என்று தலை சொன்னது. கால் கேட்கவில்லை. கால் அந்த இடத்துக்குள் போய் நின்றது. பின்னாலிருந்து அந்தக் கை மெதுவாக இறங்கி அவள் தோளில் அமர்ந்தது. கனமாக. ஈரமாக.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வலக்கை தானாக உயர்ந்தது. முன்னால் நின்ற தோளைத் தொட்டது.

வரிசை ஓர் அடி நகர்ந்தது.