அண்ணன் தட்டிய கீபோர்டு

அப்பாவின் லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டது. கொட்டியது அப்பாவேதான். ஆனாலும் அன்று முழுக்க டம்ளரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

பாதி எழுத்துகள் வேலை செய்யவில்லை. அச்சகத்துக்குப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் அப்பாவின் வேலை. கீபோர்டு இல்லையென்றால் கை ஒடிந்த மாதிரிதான்.

ரிப்பேர் கடைக்கு அவர் மகள் சுண்டெலியும் கூடப் போனாள். அவளுக்குப் பத்து வயது. அந்தச் செல்லப் பெயரை வைத்தது அவளுடைய அண்ணன்.

கடைக்கார அக்கா லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த மாடலுக்கு இப்பல்லாம் கீபோர்டு வர்றதில்லைங்க. இதே மாதிரி பழசு ஒண்ணு இருந்தா, அதுல இருக்கறதைக் கழட்டி இதுல போட்டுடலாம். இருக்கா?"

அப்பா சுண்டெலியைப் பார்த்தார். சுண்டெலி தரையைப் பார்த்தாள்.

இருந்தது. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய ஒரே மாடல் லேப்டாப்கள். போன வருஷம் அண்ணன் காய்ச்சலில் படுத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவன் லேப்டாப் மட்டும் அவன் மேசையிலேயே இருந்தது. அம்மா தினமும் அதைத் துடைத்து வைப்பாள். வேறு யாரும் தொடுவதில்லை.

"அம்மாகிட்ட கேக்கலாம்பா" என்றாள் சுண்டெலி.

"கேட்டா அவ தாங்க மாட்டா கண்ணு. மூடியைத்தானே துடைக்கிறா, திறந்தா பாக்கிறா? அதுல இருக்கறதை இதுல மாட்டிட்டு, கெட்டுப்போனதை அதுல மாட்டிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது."

மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் இரண்டையும் கடைக்குத் தூக்கிப்போனார்கள். அக்கா திருகுகளைக் கழற்றி, கீபோர்டுகளை மாற்றினாள்.

அண்ணனின் கீபோர்டில் நீளமான ஸ்பேஸ் பட்டன் ஒரு பக்கம் தளர்ந்திருக்கும். தட்டினால் 'டொக்' என்று கேட்கும். அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். "மெதுவாத் தட்டுடா, உடைஞ்சிடப் போகுது." அண்ணன் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தட்டுத் தட்டுவான்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க அக்கா ஒருமுறை தட்டினாள். டொக். அப்பா கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

சாயங்காலம் அம்மா துணியோடு அண்ணன் அறைக்குப் போனாள். சுண்டெலி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே போனாள்.

அம்மா லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். அணைந்திருந்த லேப்டாப்பின் ஸ்பேஸ் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காதபடி மெல்ல, தினமும் அப்படித்தான் செய்திருக்கிறாள்.

"சத்தம் வரலையே" என்றாள் அம்மா. "இது அவன் தட்டினது இல்லை."

அம்மா அழவில்லை. அதுதான் சுண்டெலிக்குப் பயமாக இருந்தது.

"நாங்கதாம்மா எடுத்தோம். அப்பாவோடது கெட்டுப்போச்சு. நீ அழுவியோன்னு கேக்காம விட்டுட்டோம். தப்புதாம்மா."

சுண்டெலி அம்மாவின் கையைப் பிடித்து அப்பாவின் மேசைக்கு அழைத்துப்போனாள். அப்பா வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி எழுந்து நின்றார்.

"தட்டிப் பாரும்மா."

அம்மா தட்டினாள். டொக்.

அப்போதுதான் அம்மா அழுதாள். அவள் அழுததைப் பார்த்து மற்ற இருவரும் அழுதார்கள்.

"அந்த ரூம்ல இருந்தா நீ மட்டும்தான் கேப்பே" என்றாள் சுண்டெலி. "இங்க இருந்தா நம்ம எல்லாருக்கும் கேக்கும். ஆனா உனக்கு வேணாம்னா சொல்லும்மா, திருப்பி மாட்டிடலாம்."

அம்மா துடைக்கும் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

அப்பா தயங்கித் தயங்கித் தட்ட ஆரம்பித்தார். டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டொக். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மெதுவாத் தட்டுங்க" என்று அம்மாவின் கரகரத்த குரல் கேட்டது. "உடைஞ்சிடப் போகுது."

அப்பா சுண்டெலியைப் பார்த்தார். பிறகு, வேண்டுமென்றே இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.