பல்லில்லாக் கோரை

காலையில் கரைக்கு வந்ததும் அரசு வகைப்பாட்டாளர் சுகிர்தா செய்யும் முதல் வேலை, மரபணுப் படிப்பானுக்குள் ஒரு துண்டுப் பாசியை வைப்பது. ஊரில் அதற்கு ரீடர் என்று பெயர். கடலில் மீன் அற்றுப்போன பிறகு, ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எவருடையது என்பதை அங்கே முளைத்திருக்கும் பழுப்புப் பாசிதான் தீர்மானித்தது. நாட்டுக் கட்டக்கோரை என்றால் ஊர்ப் பெண்கள் மூழ்கிப் பறிக்கலாம். கம்பெனி ஆய்வகத்தில் உருவான பொன்கோரை என்றால் பார் கம்பெனிக்கு.

மூழ்கிப் பறிக்கும் பெண்களில் ஒருத்தியான நம்புத்தாய் அன்று பறித்து வந்த துண்டை ரீடர் 'கட்டக்கோரை' என்றது. சுகிர்தாவின் கண் ஒப்பவில்லை. கட்டக்கோரை இலையின் ஓரம் பல் பல்லாக இருக்கும். இதுவோ மழமழவென்று, அப்படியே பொன்கோரையின் ஜாடை.

"எங்க எடுத்தீங்க, அக்கா?"

"எங்க பார்லதான். மிசினே சொல்லிருச்சே, பெறகென்ன?"

"இலையில பல்லைக் காணோமே."

நம்புத்தாயின் முகம் கடுத்தது. "கம்பெனி ஆளுக நேத்து ஒங்க படகுல வந்தாகளாமே?"

"வழியில ஏறிக்கிட்டாங்க."

"வழியில கடல்தான மேடம் இருக்கு."

வேறெங்கோ எடுத்த துண்டைக் கொடுத்து நம்புத்தாய் ஏய்க்கிறாள் என்றே சுகிர்தா நினைத்தாள். தானே மூழ்கிப் பார்த்தாள். பார் முழுக்க அதே மழமழப்பு. கரையேறி உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. ரீடர் படிப்பது தாய்வழி மரபணுவை மட்டும். தாய் கட்டக்கோரை; தகப்பனோ நீரோட்டத்தில் மிதந்து வந்த பொன்கோரை. சட்டம் தாயை மட்டுமே கேட்டது. பொய் சொல்லாமலே 'கட்டக்கோரை' என்று பதிந்து அனுப்பிவிட்டாள்.

"என்னன்னு முடிவு பண்ணிருக்கீக?" என்றாள் நம்புத்தாய்.

"நாளைக்குச் சொல்றேன்." கலப்பு என்று தெரிந்தால் இவள் ஊரெல்லாம் உளறி, கம்பெனி காதுக்கு எட்டவைப்பாளோ என்ற சந்தேகம். ஆளை நம்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் கரையில் பாசி குவிந்து கிடந்தது. பெண்கள் ஈரம் சொட்ட நின்றார்கள்.

"பல்லில்லாதத ஒண்ணுவிடாமப் புடுங்கிட்டோம். இனிக் கம்பெனிச் சரக்குன்னு ஒருத்தரும் சொல்ல முடியாது," என்றாள் நம்புத்தாய்.

சுகிர்தா குவியலைக் கையால் புரட்டிப் பார்த்தாள். "பார்ல மிச்சம் என்ன இருக்கு?"

நம்புத்தாய் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி வெறும் கையை விரித்துக் காட்டினாள்.

சட்டப்படி, மொட்டையான பார் முதலில் விதைப்பவருக்குச் சொந்தம். விதை கம்பெனியிடம் மட்டுமே இருந்தது.

"நேத்தே ஒங்களுதுன்னு பதிஞ்சு அனுப்பிட்டேன்க்கா," என்றாள் சுகிர்தா.

நம்புத்தாய் குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் முன் நீட்டினாள்.

"அப்ப ஏன் மேடம் எங்ககிட்டச் சொல்லல?"