பூட்டிய வேனுக்குள் ஒரு பிள்ளையார்

"பிள்ளையாரையாவது தாங்கோ!"

குடையிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்ட நின்று கேட்டாள் மாதங்கி. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த திருமாறன் நிமிர்ந்தான்... அடடா, என்ன கண்கள்! கோபத்தில்கூட இவ்வளவு அழகா?

இன்சூரன்ஸில் பெயரே இல்லாத அவள் தம்பி அனுசன் அவளுடைய வேனை எடுத்து ஓட்ட, லண்டன் பொலிஸ் பறித்து, பிடிபட்ட வண்டிகளை வைக்கும் இந்த யார்டில் பூட்டிவிட்டது. வேனுக்குள் மணவறைத் தூண்களும் பூக்களும். மாலையில் இல்ஃபோர்டில் ஒரு கல்யாணத்துக்கு அவள் மணவறை கட்டியாகவேண்டும்.

"சாமானெல்லாம் எடுத்துக்கலாங்க. வண்டியோட ஒட்டியிருக்கிறதை மட்டும் தரக்கூடாது... அதுதான் ரூல்."

பிளேஸ்டோ தெருக்களின் வேகத்தடைகளில் உருண்டு விழுவாரென்று அந்தச் சின்னப் பிள்ளையாரை டாஷ்போர்டில் பசைபோட்டு ஒட்டியவளே அவள்தான்! அவரை முன்னால் வைக்காமல் அவள் ஒரு மணவறையும் கட்டியதில்லை.

"அப்ப அவர் வேனின்ர பாகமோ?"

"சட்டப்படி... ஆமா." சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"மற்றாக்களின்ர சாமானைப் பூட்டி வைச்சுச் சிரிக்கிறதும் ஒரு பிழைப்போ?"

அவன் முகம் வாடிப்போனது. ஆனாலும் மழையில் நனைந்தபடி அத்தனை தூண்களையும் அவனே தூக்கி, அவள் அழைத்து வந்த வாகனத்தில் ஏற்றினான். நன்றி அவள் வாய்வரை வந்தது... ரோஷம் விடவில்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அவளுக்குத்தான் அந்த வாடிய முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. இன்சூரன்ஸைச் சரிசெய்ததும், எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பது என்று, வேனை எடுத்துவர அனுசனை அனுப்பினாள். வேனின் சொந்தக்காரர்தான் நேரில் வரவேண்டுமென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷம்தான்!

யார்டுக்குள் போனவள் திகைத்து நின்றாள். வேனின் வைப்பருக்கு அடியில், பிள்ளையாருக்கு நேராக, பூக்கள்... வாடியவை சில, இன்று வைத்தது ஒன்று.

"ஆர் வைச்சது?"

"கதவைத் திறக்க எனக்கு உரிமையில்லைங்க... அதான் வெளியவே வெச்சேன்." திருமாறன் தலையைக் குனிந்துகொண்டான். "தனியா இருக்காரேன்னு..."

"அவ்வளவுதானோ?"

"வண்டி பத்திரமா உங்ககிட்ட வந்து சேரணும்னு வேண்டிக்கிட்டேன். அப்புறம்... எடுத்துட்டுப் போயிட்டா உங்களைப் பார்க்க முடியாதேன்னு, கொஞ்சம் மெதுவா வரட்டும்னும் வேண்டிக்கிட்டேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

அவள் கண்கள் கலங்கின. "அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கையெழுத்திட்டுச் சாவியை வாங்கியவள், வேனின் கதவை அகலத் திறந்தாள்.

"இப்ப இது என்ர வேன். ஏறி, அந்தப் பூவை அவருக்கு முன்னால வையுங்கோ."

"ஆனா ரூல்..."

"எனக்கும் உங்களில விருப்பம் எண்டதை அவருக்கு முன்னாலதான் சொல்லுவன். ஏறுங்கோ!"