கொதித்த குழாய்

சென்னீர்குப்பத்தில் எங்கள் கல்லூரியின் பழைய ஆய்வகத்துக்குள் அன்று மதியம் நுழைந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புளித்த மாவு வாசனை. ஈஸ்ட் வளர்க்கும் இடம் வேறு எப்படி இருக்கும்? எனக்குத்தான் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு வருஷமாக ஈஸ்டை அரைத்து, வடிகட்டி, அதிலிருந்து ஒரே ஒரு நொதியைப் பிரித்தெடுத்திருந்தேன். சர்க்கரையைச் சாராயமாக்கும் வேலையில் கடைசிக் கை அதுதான். அது வேலை செய்வதை இன்றைக்குள் காட்டாவிட்டால் என் ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக என் கைடு சார் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாது.

சோதனைத் திரவத்தில் நொதியை ஒரு சொட்டு விட்டு அளக்கும் மெஷினில் வைப்பேன்; நொதிக்கு உயிர் இருந்தால் திரையில் கோடு ஏறும். ஒப்பிட்டுப் பார்க்க, கொஞ்சத்தைக் கொதிக்கவைத்துச் சாகடித்து, அதையும் சோதிக்க வேண்டும். அதில் கோடு படுத்தே கிடக்கணும்.

என் நொதியில் ஒரு சொட்டு விட்டேன். கோடு ஏறியது. அப்பாடா! அடுத்து, கொதித்ததில் ஒரு சொட்டு.

அதுவும் ஏறியது.

சரியாகக் கொதிக்கவில்லை போல என்று மறுபடி கொதிக்க வைத்தேன். தண்ணீர் தளதளத்தது. நொதி வெந்த முட்டை மாதிரி வெளுத்துத் திரிந்தது. இடுக்கியால் குழாயை வெளியே எடுக்கும்போது தெரியாமல் விரல் பட்டுவிட்டது.

சுடவில்லை. ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

அதில் ஒரு சொட்டைச் சோதித்தேன்; கோடு முன்னைவிட வேகமாக ஏறியது.

"யா அல்லா!"

சத்தம் கேட்டு அட்டெண்டர் இருதயராஜ் வாசலில் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போய்க்கீது?"

"செத்த நொதி வேலை செய்யுதுண்ணா."

அவர் உள்ளே வரவில்லை. குரலைத் தாழ்த்தினார். "சாவித்திரின்னு ஒரு பொண்ணு முன்ன இங்க இதே வேலைய பண்ணிக்கினு இருந்துச்சு. கடைசி வரைக்கும் அதுக்குக் கோடே ஏறல. காமாலைல செத்துப் பூட்ச்சு. நீ ஊட்டுக்குக் கெளம்பும்மா."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

எங்கே கிளம்புவது? பயத்தைவிட ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. "சாவித்திரி அக்கா, உங்களுக்குத்தான் கோடு ஏறிடுச்சே! போயிடுங்க. என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

கொதித்ததை மறுபடி சோதித்தேன். கோடு படுத்துக்கொண்டது.

சந்தோஷத்தோடு என் நொதியில் ஒரு சொட்டு விட்டேன்.

அதுவும் படுத்தே கிடந்தது.

ஐஸில் இருந்த மற்றக் குழாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் உயிரில்லை. அப்படியானால் முதலில் என் கோட்டை ஏற்றியதும் அக்காதான். ஒரு வருஷம் போச்சு. மேஜையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன்.

ஒரு கை என் முதுகை மெல்லத் தடவிக் கொடுத்தது.

திரும்பிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை.

"அழாத ஷிபா. ஈஸ்ட்லேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம். நானும் கூட இருக்கேன்."

பக்கத்து அறையில் ஈஸ்ட் அரைக்கும் மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது.